கிராணி ஐயாவுக்கும் அண்ணிக்கும்: வாசகர் கேள்வி, நம் பதில்

கேள்வி: நெல்லூரில் பிறந்த ஒருவர் அமெரிக்காவில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார் என்று மருமகன் சொல்கிறான். நேற்று வந்தவருக்கு இது எப்படி முடிகிறது? பணபலமா?
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்), சுங்கை சிப்புட்

பதில்: "நேற்று வந்தவர்" என்ற பேச்சு நமக்கு வேண்டாம், ஐயா. கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் பாட்டன்மாரையும் அப்படித்தான் சொன்னார்கள்.

மருமகன் சொல்வது உபேந்திரா சிவுகுலாவைப் பற்றி. பிறந்தது 1950, அப்போது நெல்லூர் சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்தவர். நியூயார்க்கில் மேற்படிப்பை முடித்து, ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தார். இதுவரை ஆயிரம் பேரின் கதைதான். 1997-ல் நியூ ஜெர்சியின் பிராங்க்ளின் நகர மன்றத் தேர்தலில் வென்றதிலிருந்து கதை வேறு. அப்போது சுமார் 50 ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர் அது. சாலை, வடிகால், எந்த மனையில் கடை வரலாம், எதில் வரக்கூடாது என்பதெல்லாம் அங்கே நகர மன்றத்தின் தலைவலி. 2000-ல் மேயரானார். 2002 சனவரியில், 80 பேர் கொண்ட மாநிலச் சட்டமன்றத்தில் முதல் இந்திய வம்சாவளி உறுப்பினராக உட்கார்ந்தார். 2007-ல் துணை சபாநாயகர்.

ஜனநாயகக் கட்சி சார்பில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் முயன்றார். 2012-ல் குடியரசுக் கட்சிக்காரரிடம் தோற்றார். 2014-ல் சொந்தக் கட்சியின் உள்தேர்தலிலேயே தோற்றார். அதே ஆண்டு, எதிர்க்கட்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவரை மின்சாரம், எரிவாயு போன்ற சேவைகளை மேற்பார்க்கும் வாரியத்தில் நியமித்தார். மின்பொறியாளருக்குப் பொருத்தமான நாற்காலிதான். கட்சி பார்த்தே பதவி கொடுத்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும்.

பணமில்லாமல் அங்கே தேர்தல் நடக்காது என்பது உண்மைதான். ஆனால் ஏணியின் முதல் படி நகர மன்றம். அந்தப் படி நம்மிடமும் இருந்தது, ஐயா. ஈப்போ நகராண்மைக் கழகத்தை மக்கள் முற்போக்குக் கட்சி தேர்தலில் பிடித்து, அதன் தலைவர்களில் ஒருவரான எஸ்.பி. சீனிவாசகம் கழகத் தலைவராக அமர்ந்ததெல்லாம் உங்கள் காலத்துச் செய்தி. இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965-ல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். 1976 ஊராட்சிச் சட்டம் அதற்கு ஒரேயடியாக மூடுவிழா நடத்திவிட்டது. இப்போது இருப்பவர்கள் நியமன உறுப்பினர்கள். என் வீட்டுச் சந்தின் கால்வாய் அடைத்தால், முனையில் பலகையில் எழுதியிருக்கும் உறுப்பினரின் எண்ணுக்கு அழைக்கிறேன். அவர் நல்ல மனிதர், வருவார், பார்ப்பார். வராவிட்டால் அவரை நீக்க என் கையில் ஓட்டு இல்லை. சட்டமன்றத்துக்குப் போகும் நம் பிள்ளைகள் கட்சி அலுவலகத்துப் படியில் காத்திருப்பது இதனால்தான் என்பது என் வாதம்.

கேள்வி: அமெரிக்கச் சட்டமன்றங்களுக்குப் போன நம்மவரில் பெண்கள் யாரும் இல்லையா?
மாணவி, கோலகங்சார்

பதில்: ஏன் இல்லை, தங்கச்சி? சென்னையில் பிறந்த நிமி மெக்கானிக்லி, தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்து, 1994-ல் வயோமிங் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானவர். மாட்டுப் பண்ணைகளும் எண்ணெய்க் கிணறுகளும் உள்ள மாநிலம் அது. இந்தியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். நம்மவர் ஓட்டை நம்பி அங்கே நிற்க முடியாது என்பதை மட்டும் கவனி.

கேள்வி: என் அண்ணி காரைக்குடியிலிருந்து மணமாகி வந்தவர். அண்ணன் குடியுரிமை உள்ளவர். அண்ணியிடம் இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான். தோட்டத்துப் பெண்கள் மனு எழுத அவரிடம்தான் வருகிறார்கள். அவர் தேர்தலில் நிற்கலாமா?
செம்பனைத் தோட்ட வாசகி

பதில்: சிவப்பு அட்டை என்பது நிரந்தரவாசிக்கானது; அதோடு ஓட்டுப் போடவும் முடியாது, நிற்கவும் முடியாது, அம்மா. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு அண்ணிக்குத்தான் எழுதியது போல இருக்கிறது: மலேசியக் குடிமகனின் மனைவி, விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்து, நன்னடத்தையும் உள்ளவராக இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 2024-ல் நிறைவேறிய திருத்தம் போதிய மலாய் மொழி அறிவையும் கேட்கிறது. இந்தியக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள இரு நாடுகளும் விடாது. கோப்பு நகர வருடக்கணக்கில் ஆகும் என்பதையும் மறைக்க மாட்டேன். கிடைத்துவிட்டால், பேராக்கில் குடியிருக்கும்வரை பேராக் சட்டமன்றத்துக்கு அவர் நிற்கத் தடையில்லை. இங்கே பிறந்தவரா என்று சட்டம் கேட்பதில்லை, கட்சிக்காரர்கள் கேட்கலாம். ஊராருக்கு எழுதும் மனுக்களுக்கு நடுவே, பதிவிலாகாவுக்குத் தன் பெயரில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள்.