ஜிபிஎஸ் உள்ள வாக்கி-டாக்கி இருந்தால் மலையேற்றத்தில் கூட்டாளி எங்கே இருக்கிறார் என்று எப்போதும் தெரியுமா?

எப்போதும் தெரியாது. பலரும் குழம்பும் இடம் இதுதான். ஜிபிஎஸ் வெறும் காது மாதிரி. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்டு, நீங்கள் நிற்கும் இடத்தைக் கணக்கிடும், அவ்வளவுதான். அந்த இடத்தைக் கூட்டாளிக்கு அனுப்புவது ரேடியோவின் வேலை. பேச்சு எட்டாத இடத்துக்குப் பெரும்பாலும் இருப்பிடமும் எட்டாது.

நடுவில் ஒரு மலைமுகடு வந்தால் போதும், பெட்டியில் போட்டிருக்கும் 'இத்தனை கிலோமீட்டர்' கணக்கெல்லாம் காலி. அது பெரும்பாலும் தடையே இல்லாத வெளியில் கிடைக்கும் தூரம். பள்ளத்தில் இருந்து கத்துவதைவிட நாலடி மேலே ஏறிப் பேசிப் பாருங்கள். ஆன்டெனா செங்குத்தாக இருக்கட்டும். இடுப்பில் செருகினால் உங்கள் உடம்பே சிக்னலைத் தடுக்கும்.

கிளம்பும் முன் திறந்த வெளியில் சில நிமிடம் ஆன் செய்து வையுங்கள். குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் கிடைத்தால்தான் உயரத்தோடு சேர்த்து இடம் சரியாக வரும்.

திரையில் கூட்டாளியின் புள்ளி அசையாமல் நின்றால், அவர் நிற்கிறார் என்று அர்த்தமில்லை. கடைசியாக எப்போது தகவல் வந்தது என்று நேரத்தைப் பாருங்கள். 40 நிமிடம் பழைய புள்ளியைத் தேடிப் போய் என்ன பயன்? அடிக்கடி இருப்பிடம் அனுப்பும்படி வைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும், அதையும் யோசித்து வையுங்கள்.