மைக்ரோநீட்லிங்: முகத்தில் ஊசி குத்திக்கொள்ளும் முன் கேட்கும் கேள்விகள்

தோல் சிகிச்சை அறையில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும் நிறையப் பேர் மைக்ரோநீட்லிங் (நுண்ணிய ஊசிகளால் தோலில் குத்தித் தழும்பைக் குறைக்கும் சிகிச்சை) பற்றிக் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

ஊசியால் குத்தினால் புதுத் தழும்புதானே வரும் அக்கா? பழையது எப்படிப் போகும்?

பள்ளத் தழும்பு என்பது உள்தோலில் கொலாஜன் (தோலைத் தாங்கிப் பிடிக்கும் புரதம்) குறைந்தும், நார் போல் கீழே இழுத்துப் பிடித்தும் இருக்கிற இடம். ஊசி போடும் துளைகள் மிகவும் மெல்லியவை, மேல்தோல் உரிவதில்லை, சீக்கிரமே மூடிக்கொள்ளும். ஆனால் உடம்புக்கு அதுவும் காயம்தான். ரத்தத் தட்டணுக்கள் அங்கே கூடி வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடும், அதைக் கண்டு செல்கள் புதுக் கொலாஜனைச் செய்ய ஆரம்பிக்கும், அப்படியே பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். வேலையைச் செய்வது உங்கள் உடம்பு, ஊசி அதைத் தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான்.

எனக்கு பத்து வருஷப் பருத் தழும்பு. முழுசாகப் போய்விடுமா?

முழுசாகப் போகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி கண்ணாடி முன் நின்று, தழும்பின் இரண்டு பக்கமும் விரலால் தோலை லேசாக இழுத்துப் பாருங்கள். பள்ளம் சமமாகிவிட்டால் அது அகலமான, அலை மாதிரியான வகை, இந்தச் சிகிச்சையில் நன்றாகவே குறையும். குண்டூசி குத்தினது போல் குறுகி ஆழமாக இருப்பவை இதற்கு அசையாது. அதற்கு வேறு முறைகள் உண்டு, தோல் மருத்துவரிடம் கேளுங்கள். பொதுவாக 3 முதல் 6 தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 4 முதல் 6 வாரம்.

1.5 மில்லிமீட்டர் ஊசி பதித்த உருளை (ரோலர்) ஆன்லைனில் வாங்கிவிட்டேன். வீட்டிலேயே செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்த நீளம் ரத்தம் வரும் ஆழம். உருளும்போது ஊசி சாய்வாக நுழைந்து சாய்வாக வெளியே வரும், கை கொஞ்சம் அழுத்தினால் தோல் கிழியும், நாலைந்து தடவைக்கு மேல் முனை மழுங்கி வளைந்தும் போகும். 0.25 மில்லிமீட்டர் ரோலர் அந்த அளவு ஆபத்தில்லை, ஆனால் கிரீம் உள்ளே இறங்க உதவுமே தவிர தழும்புக்கு ஒன்றும் செய்யாது. சுத்தம் சாதாரண விஷயம் இல்லை: அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில், அவரவர் ரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுக்களோடு சேர்த்து இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது 2018 முதல் தெரியவந்தது. எங்கே போனாலும் ஊசி முனையின் உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கூச்சப்படவே வேண்டாம்.

நான் கறுப்பு நிறம். முகம் இன்னும் கறுத்துவிடுமோ என்று பயம்.

நியாயமான பயம். சாதாரண மைக்ரோநீட்லிங்கில் சூடு கிடையாது, அதனால் பல லேசர்களை விட நம் நிறத்துக்குக் கறுக்கும் வாய்ப்பு குறைவு. இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. அளவுக்கு மீறி ஆழமாகக் குத்தினாலும், அப்புறம் வெயிலில் அலைந்தாலும் கறுக்கும். ரேடியோ அலையோடு வருகிற வகை வேறு, அதில் சூடு உண்டு. எதைச் செய்யப்போகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மறுநாள் வேலைக்குப் போகலாமா?

போகலாம், வெயிலில் வாடினது போல் சிவந்திருக்கும், இரண்டு மூன்று நாளில் அடங்கும். மேக்கப் 24 மணி நேரத்துக்கு வேண்டாம். வைட்டமின் சி, ரெட்டினால் எல்லாம் சில நாள் ஒதுங்கி இருக்கட்டும். துளை திறந்திருக்கும்போது கண்ட சீரத்தையும் தேய்த்து, முகம் முழுக்க முடிச்சு முடிச்சாகத் தடித்து அவதிப்பட்டவர்கள் உண்டு. வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், அடுத்து சன்ஸ்கிரீன், போதும்.

யார் செய்யக்கூடாது?

சீழ் வைத்த பரு, உதட்டோரக் கொப்புளம், மரு இருக்கும்போது செய்தால் கிருமி முகம் முழுக்கப் பரவும். காயம் பட்டால் தழும்பு மேடாக வளர்கிற உடம்பு, சொரியாசிஸ், வெண்புள்ளி இருப்பவர்கள் தவிர்க்கணும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். கர்ப்பிணிகள் தள்ளிப்போடலாம்.

ஒரு தடவை செய்து மூன்று வாரம் ஆச்சு. முதல் வாரம் பளபளவென்று இருந்தது, இப்போது பழையபடி. ஏமாந்துவிட்டேனா?

இல்லைங்க. முதல் வாரம் பார்த்தது வீக்கம், அது வடிந்துவிட்டது. கொலாஜன் உருவாக 3 முதல் 6 மாதம் எடுக்கும். அடுத்த தடவைக்கு முன் அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நடுவில் கறுப்புத் திட்டோ அமுங்காத முடிச்சோ தெரிந்தால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.