ஷோரூம் கடனா, வங்கிக் கடனா?

கேள்வி: ராமநாதபுரத்தில் கார் பார்த்து வைத்திருக்கிறேன். என் வங்கி 6 லட்சம் கடன் தரத் தயார். ஷோரூமிலோ, ‘எங்க மூலமா லோன் போட்டாத்தான் தள்ளுபடி’ என்கிறார்கள். என்ன செய்யலாம்? – வாசகர், மண்டபம்

பதில்: கடன் பிடித்துக் கொடுக்கும் ஷோரூமுக்கு நிதி நிறுவனம் கமிஷன் தருவது வழக்கம். வற்புறுத்தல் அதனால்தான். அதற்காகத் தள்ளுபடியை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம், கணக்குப் போடுங்கள். 6 லட்சத்துக்கு 9% வட்டி, 5 ஆண்டு, குறையும் நிலுவை முறை (மீதி அசலுக்கு மட்டும் வட்டி) என்றால் மாதத் தவணை சுமார் 12,455 ரூபாய். 10% என்றால் 12,748. ஐந்தாண்டில் வித்தியாசம் ஏறக்குறைய 17,600. தள்ளுபடி அதைவிடப் பெரிதாக இருந்தால் ஷோரூம் கடனே லாபம்.

ஆனால் அவர்கள் சொல்லும் 9% ‘ஃப்ளாட்’ வட்டியாக, அதாவது கடைசிவரை முழுக் கடனுக்கும் போடும் வட்டியாக இருந்தால் கதையே வேறு. தவணை 14,500 ஆகிவிடும். மொத்தத்தில் 1,22,700 ரூபாய் கூடுதல். வாய்ப்பேச்சை நம்பாமல் ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ கேளுங்கள். ரிசர்வ் வங்கி இதைக் கார் கடன் போன்ற சில்லறைக் கடன்களுக்கு 2024 அக்டோபர் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி அதில் இருக்கும். ‘சும்மா எலிஜிபிலிட்டி பார்க்கிறோம்’ என்று பான், ஆதார் நகல் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். நாலு நிறுவனங்களில் விண்ணப்பம் போனால் சிபில் மதிப்பெண் இறங்கும்.

முதலில் விலையைப் பேசி முடியுங்கள், கடன் பேச்சு பிறகு. கொட்டேஷனில் எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரி, இன்ஷூரன்ஸ், ஆக்சஸரீஸ் தனித்தனியாக இருக்கட்டும். இன்ஷூரன்ஸை வெளியிலும் எடுக்கலாம். உப்புக் காற்றுக்கு அண்டர்பாடி கோட்டிங் நல்லதுதான். அதன் விலையையும் வெளியே விசாரித்துவிட்டுச் சம்மதியுங்கள். கார் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1% டி.சி.எஸ். (விற்பவர் வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்.

உங்கள் பங்குப் பணத்தைக் கட்டிய ரசீதை வங்கியில் காட்டினால், மீதியை ஷோரூம் நிறுவனத்தின் கணக்குக்கே நேரடியாக அனுப்புவார்கள். வண்டி ஒதுக்கி, சேஸிஸ் எண் தந்த பிறகே பணத்தை விடச் சொல்லுங்கள். பணம் போன நாளிலிருந்து வட்டி ஓட ஆரம்பித்துவிடும், வண்டி யார்டுக்கு வராவிட்டாலும்.

வெளிக்கடனில் அதிகம் சொதப்புவது பதிவு வேலைதான். படிவம் 20-ல் கடன் கொடுப்பவரின் கையெழுத்துக்கும் இடம் உண்டு. தங்கள் வழக்கமான நிதி நிறுவனம் என்றால் ஷோரூம் ஊழியரே ஓடி வாங்கிவிடுவார். உங்கள் வங்கிக்கு யாரும் போகமாட்டார்கள். நீங்களே போய் முத்திரையோடு வாங்கிக் கொடுங்கள். விட்டுவிட்டால் ஆர்.சி.யில் ஹெச்.பி. (வண்டி மேல் கடன் இருக்கும் பதிவு) ஏறாது, வங்கி நச்சரிக்கும், படிவம் 34 போட்டுத் தனிக் கட்டணம் கட்ட வேண்டிவரும். பில், இன்ஷூரன்ஸ், படிவம் 20 ஆகிய மூன்றிலும் வங்கியின் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: விசைப்படகு வைத்திருக்கிறேன். தடைக்காலத்தில் தவணையை நிறுத்தி வைப்பார்களா? – வாசகர், பாம்பன்

பதில்: கார் கடனில் அதை எதிர்பார்க்காதீர்கள். மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். தவணைத் தேதி 5 என்றால் மே, ஜூன் இரண்டும் மாட்டும். மேலே சொன்ன கடனுக்கு 24,910 ரூபாயை ஏப்ரல் தொடக்கத்திலேயே தவணைக் கணக்கில் போட்டுவையுங்கள். பணமில்லாமல் தவணை திரும்பினால் கணக்கு இருக்கும் வங்கி, கடன் கொடுத்தவர் இரண்டு பக்கமும் அபராதம் போடலாம்.

கேள்வி: நகைக்கடன் வாங்கிக் கார் எடுக்கலாமா? – வாசகி, கீழக்கரை

பதில்: ஆர்.சி.யில் ஹெச்.பி. இருக்காது, நினைத்தபோது விற்கலாம். ஆனால் நகைக்கடனுக்குப் பெரும்பாலும் ஓராண்டுக் கெடு. ஐந்தாண்டு சுமையை அதில் ஏற்றினால் நகை ஏலத்துக்குப் போகும். முன்பணத்தில் குறையும் தொகைக்கு மட்டும் வையுங்கள்.