வேகமாக அடிப்பவருக்கு வேகத்தைக் கொடுக்காதீர்கள்

நண்பரே, டென்னிஸில் நீங்கள் ஓங்கி அடிக்க அடிக்க உங்கள் எதிராளி அதைவிட வேகமாகத் திருப்புகிறார், இதுவரை ஒரு செட்கூட எடுக்க முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியில் மறுபடியும் அவர்தான் என்கிறீர்கள். அந்த வேகத்தை அவருக்குக் கொடுப்பதே நீங்கள்தான்.

1975 விம்பிள்டன் இறுதியில் ஆர்தர் ஆஷ், அப்போதைய முதல்நிலை வீரர் ஜிம்மி கானர்ஸை 6-1, 6-1, 5-7, 6-4 என்று வென்றது இதைப் புரிந்துகொண்டுதான். பந்தை மெதுவாக, தாழ்வாக கானர்ஸின் ஃபோர்ஹேண்டுக்கு (மட்டை பிடிக்கும் கைப் பக்கத்துக்கு) அனுப்பினார், சர்வீஸை அகலமாக வெளியே இழுத்தார், கானர்ஸ் நெட்டுக்கு வந்தால் லாப், அதாவது தலைக்கு மேலே தூக்கி அடித்தார். மூன்றாவது செட் கைவிட்டுப் போனபோதும் திட்டத்தைக் கைவிடவில்லை பாருங்கள், அந்த நிதானம்தான் உங்களுக்கு வேண்டும்.

நீங்களும் ஸ்லைஸை (பந்தின் கீழ்ப்புறத்தைச் சீவி மெதுவாக அனுப்பும் அடி) கோர்ட்டின் நடுவில் ஆழமாகப் போடுங்கள், அவருக்குக் கோணம் கிடைக்காது. அப்புறம், இந்த வாரம் ஸ்லைஸும் லாபும் மட்டும் பழகுங்கள், புது சர்வீஸ் எதுவும் வேண்டாம்.