தொட்டிச் செடி கேள்வி–பதில்: 'க்ளோவர்' வளர்ப்பு

நர்சரியில் 'பர்ப்பிள் க்ளோவர்' என்று வாங்கிய ஊதா இலைச் செடி மார்கழியில் நன்றாகப் பூத்தது. மே மாதம் இலையெல்லாம் சாய்ந்து தொட்டி மொட்டையாகிவிட்டது. செத்துவிட்டதா?
– வாசகி, மதுரை

இல்லை, பெரும்பாலும் உறக்கம்தான். மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது ஆக்ஸாலிஸ் ட்ரையாங்குலாரிஸ். பிரேசில் பக்கத்துச் செடி. க்ளோவர் என்ற மூவிலைத் தீவனப் பயிரின் பெயரில் விற்றாலும் நம் புளியாரைக்குத்தான் சொந்தம். மண்ணுக்குள் செதில் செதிலான சிறு கிழங்குகள் இருக்கும். கோடை வெப்பம் நீடித்தால் செடி இலைகளை உதிர்த்துவிட்டுக் கிழங்கோடு ஒடுங்கிக்கொள்ளும். மெல்லக் கிளறி ஒன்றை எடுத்து அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கூழாகி நாறினால் அழுகிவிட்டது.

வாடுகிறதே என்று தண்ணீரைக் கூட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. உறிஞ்ச இலையில்லாதபோது ஈரம் தேங்கிக் கிழங்கைக் கெடுக்கும். காய்ந்த காம்புகளை நறுக்கிவிட்டு, தொட்டியை நிழலில் வைத்து, ஆறு முதல் எட்டு வாரம் தண்ணீரை நிறுத்துங்கள்.

வெயில் தணிந்ததும் மாற்றி நடலாம். இரண்டு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு ஆற்று மணல் அல்லது பெர்லைட் (பொரித்த வெள்ளைக் கல்துகள்). 5 அங்குலத் தொட்டிக்கு ஐந்து கிழங்கு, ஒன்றரை அங்குல ஆழம். படுக்கவைத்தே நடலாம், எந்தப் பக்கம் மேலே என்ற கவலை வேண்டாம். ஒருமுறை நன்றாக நனைத்து, பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள். சில வாரங்களில் மடக்கிய குடை போல இலைகள் எழும். அதைப் பார்ப்பதற்காகவே இந்தச் செடியை வளர்க்கலாம்! கிழக்கு ஜன்னல் சிறந்தது. வெளிச்சம் போதாவிட்டால் காம்பு நீண்டு சரியும்.

சாயங்காலம் இலைகள் மூடிக்கொள்கின்றன. தண்ணீர் குறைவா?
– வாசகர், திருச்சி

இல்லை, அது அன்றாட இயல்பு. மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தைக் கவனியுங்கள், சற்றுத் தடித்திருக்கும். அங்குள்ள செல்களில் நீரழுத்தம் மாறுவதால் இலைகள் மடங்கி விரிகின்றன. நண்பகலிலும் மூடியிருந்தால்தான் யோசிக்க வேண்டும்: நேர்வெயில் அதிகம், அல்லது மண் வறண்டிருக்கிறது.

இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி ஒட்டியிருக்கிறது. வீட்டில் பூனையும் உண்டு.
– வாசகி, கோவை

அது துரு நோய், பூஞ்சையால் வருவது. பாதித்த இலைகளை மண்மட்டத்தில் வெட்டி, உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். எல்லா இலையும் போனாலும் கிழங்கிலிருந்து புதிதாக வரும். இனி இலைமேல் படாமல் தண்ணீர் ஊற்றுங்கள், காற்றோட்டம் கொடுங்கள். இலையில் ஆக்ஸலேட் என்ற உப்பு இருப்பதால் பூனை நிறையத் தின்றால் ஆபத்து. எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.

நாலிலை 'அதிர்ஷ்ட க்ளோவர்' வாங்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

வாங்கலாம், ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். தொட்டியில் எல்லா இலையும் நான்காகவே இருந்து, நடுவில் கருஞ்சிவப்புப் பட்டை தெரிந்தால் அது மெக்சிகோவின் ஆக்ஸாலிஸ் டெட்ராஃபில்லா. உண்மையான வெள்ளை க்ளோவர் மேய்ச்சல் நிலப் பயிர்; அதில் நாலிலை அபூர்வமாகத்தான் வரும். 'நாலிலை விதை' என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். உங்கள் ஊர் வாய்க்கால் ஓரத்து ஆரைக்கீரைக்கும் நாலிலைதான், ஆனால் அது பெரணி இனம். அதற்குத் துளையில்லாத தொட்டியில் சேறும் தண்ணீரும் வேண்டும். அதே அளவு ஈரத்தில் ஆக்ஸாலிஸ் அழுகிவிடும் என்பதால் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.