தேடல் அமைப்புகளுக்கு உரிய இடம் எது?

கேள்வி: தேன், ஏத்தங்காய் வற்றல், மரச்சீனி மாவு ஆகியவற்றை விற்கும் இணையதளம் ஒன்றைப் பராமரிக்கிறேன். தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். அதன் சர்வர் முகவரி, கடவுச்சொல், ஒருபொருட்சொற்களின் பட்டியல், பக்கத்துக்கு எத்தனை முடிவுகள் என்பது உட்பட எல்லாமே நிரலுக்குள் எழுதப்பட்டுள்ளன. அனைத்தையும் டேட்டாபேஸுக்கு மாற்றிவிடலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: அனைத்தையும் மாற்ற வேண்டாம். ஓர் அமைப்பை (செட்டிங்) மாற்றப்போகிறவர் யார், மாற்றினால் இன்டெக்ஸை (தேடலுக்காகப் பதிவுகளிலிருந்து தயாரிக்கப்படும் சொல் அட்டவணையை) மறுபடியும் உருவாக்க வேண்டியிருக்குமா என்பவற்றைப் பார்த்தே அதன் இடத்தை முடிவுசெய்ய வேண்டும்.

சர்வர் முகவரியும் கடவுச்சொல்லும் நிரலுக்கு வெளியே, அது ஓடும் கணினியில் அமைக்கப்படும் என்விரான்மென்ட் வேரியபிள்களில் இருக்கட்டும். இணையச் செயலிகளை உருவாக்குவதற்காக 2011-இல் வெளியான 'ட்வெல்வ்-ஃபேக்டர் ஆப்' நெறிமுறையும் இதையே வலியுறுத்துகிறது. கடவுச்சொல் ஏற்கெனவே கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) வரலாற்றில் பதிந்திருந்தால் அந்த வரியை நீக்குவது மட்டும் போதாது. கடவுச்சொல்லையே இன்று மாற்றிவிடுங்கள்.

நீங்கள் அதிகக் கவனம் செலுத்த வேண்டியது ஒருபொருட்சொற்களில்தான். குமரி மாவட்டத்தார் மரச்சீனி என்பதை வெளியூர் வாடிக்கையாளர் மரவள்ளி என்று தேடுவார். ஏத்தங்காயை நேந்திரங்காய் என்பார். எந்தச் சொல்லைத் தேடி ஏமாந்தார்கள் என்பது தொலைபேசியில் ஆர்டர் எடுக்கும் கடை ஊழியருக்குத்தான் முதலில் தெரியவரும் என்பதால், ஒரு சொல்லைச் சேர்க்க அவர் உங்களுக்காகக் காத்திருக்கும் நிலை இருக்கக் கூடாது. இப்பட்டியலை மட்டும் டேட்டாபேஸில் வைத்து, யார் எப்போது மாற்றினார் என்ற பதிவோடு நிர்வாகப் பக்கத்தில் திறந்துவிடுங்கள். எலாஸ்டிக்சர்ச் 8.10 முதல் ஒருபொருட்சொற்களுக்கென்றே தனி ஏபிஐ (நிரல்வழி அணுகும் வசதி) இருக்கிறது. ஊழியர் சேமிக்கும்போதெல்லாம் பட்டியலை அதன்வழி அனுப்பலாம். ஆனால் சொற்களைத் தேடும் நேரத்து அனலைசரில் (உரையைச் சொற்களாகப் பிரித்துத் தரும் பகுதியில்) இணையுங்கள். இன்டெக்ஸ் செய்யும் நேரத்தில் இணைத்தால், பழைய பதிவுகளை மறுபடியும் இன்டெக்ஸ் செய்யும்வரை புதிய சொல் அவற்றைச் சென்றடையாது.

இன்டெக்ஸ் நேர அனலைசரும் மேப்பிங்கும் (பதிவின் ஒவ்வொரு ஃபீல்டும் எந்த வகை என்ற வரையறை) நிரலோடு கிட்டிலேயே இருக்கட்டும். ஏற்கெனவே உள்ள ஒரு ஃபீல்டின் வகையை மாற்ற முடியாது. புதிய இன்டெக்ஸ் உருவாக்கி, பதிவுகளை அதில் நிரப்பி, ஏலியஸை (இன்டெக்ஸைச் சுட்டும் மாற்றுப்பெயரை) அதன் பக்கம் திருப்ப வேண்டும். இத்தனை வேலை பின்னால் இருக்க, நிர்வாகப் பக்கத்தில் 'சேமி' பொத்தானை வைப்பது ஊழியருக்குப் பொய்யான நம்பிக்கையைத் தரும்.

பக்கத்துக்கு எத்தனை முடிவுகள் என்பது நிரலில் ஒரு மாறிலியாக இருந்தாலே போதும். முடிவுகளை வரிசைப்படுத்தும்போது பெயருக்கும் விளக்கத்துக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்லும் பூஸ்ட் மதிப்புகளையும் நான் கிட்டில்தான் வைப்பேன். ஒரு தேடலைச் சரிசெய்யும் மதிப்பு வேறு தேடல்களைக் கெடுக்கக்கூடும் என்பதால், அவற்றை மாற்றும்போதெல்லாம் வழக்கமான தேடல்களைச் சோதனையாக ஓட்டிப் பார்த்த பின்பே வெளியிட வேண்டும்.