வேம் போட்டால் உரம் நிலத்தில் தங்குமா?

கேள்வி: மணற்பாங்கான செம்மண் நிலம். யூரியா போட்ட பிறகு மழை அடித்துவிட்டால் பயிர் வெளுத்துப் போகிறது. வேம் போட்டால் சத்து தங்கும் என்கிறார்களே? (வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: ஓரளவு தங்கும். வேம் என்கிற வேர் உட்பூசணம் பாதி வேருக்குள்ளும் பாதி மண்ணிலுமாக வளரும் பூஞ்சை. வேர்த்தூவி மண்ணில் எட்டுவது ஓரிரு மில்லிமீட்டர்தான். பூஞ்சையின் இழை பல சென்டிமீட்டர் தாண்டிப் போகும். இடத்தை விட்டு நகராத மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) துத்தநாகத்தையும் அதுதான் வேருக்குக் கொண்டுவருகிறது. யூரியாவின் தழைச்சத்து (நைட்ரஜன்) மாறும் வடிவங்களான அம்மோனியம், நைட்ரேட்டிலும் ஒரு பங்கைக் கீழே இறங்குமுன் எடுத்துக்கொள்ளும். இழைகள் மண்ணைக் குருணை குருணையாகப் பிணைப்பதால் மண்ணரிப்போடு போகும் சத்தும் குறையும்.

ஆனால் மொத்தமாகக் கொட்டிய யூரியாவை ஒரு கனமழை அடித்துப் போனால் எந்தப் பூஞ்சையாலும் தடுக்க முடியாது. முதலில் தழைச்சத்தை மூன்று நான்கு தவணையாகப் பிரித்துப் போடுங்கள். மண் பரிசோதனையில் மணிச்சத்து ஹெக்டேருக்கு 22 கிலோவைத் தாண்டியிருந்தால் வேமுக்குச் செலவழிக்க வேண்டாம். மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது, சர்க்கரை கொடுத்துப் பூஞ்சையை வளர்க்க வேண்டிய தேவை செடிக்கு இல்லை. வேரில் சரியாகப் பிடிக்காது. அந்த நிலத்துக்கு மணிச்சத்து உரமான டி.ஏ.பி.யைக் குறைப்பதே நல்லது.

கேள்வி: மிளகாய் நாற்றங்காலுக்கு எவ்வளவு? அசோஸ்பைரில்லம் (தழைச்சத்து தரும் பாக்டீரியா உரம்) போல வெல்லக் கரைசலில் பெருக்கலாமா?

பதில்: சதுர மீட்டருக்கு 100 கிராம். விதைக்கு 2 முதல் 3 செ.மீ. கீழே இருக்கும்படி பரப்பி மண் மூடுங்கள். இளவேர் அதைத் தொட்டால்தான் பிடிக்கும். மேலே தூவினால் வீண். பை நாற்றுக்கு 5 முதல் 10 கிராம். பூஞ்சைக்கொல்லியான கார்பென்டாசிமில் விதைநேர்த்தி செய்த விதையோடு சேர்க்காதீர்கள், அது இந்தப் பூஞ்சையையும் முடக்கும்.

வெல்லத்தில் பெருகாது, உயிருள்ள வேர் வேண்டும். ஒரு மீட்டர் நீள அகலம், 30 செ.மீ. ஆழத்தில் குழி எடுத்துக் கறுப்பு பாலித்தீன் விரியுங்கள். 50 கிலோ வெர்மிகுலைட் (ஈரம் பிடிக்கும் லேசான கனிமத் துகள்), 5 கிலோ கிருமிநீக்கிய மண் நிரப்பி, 2 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஒரு கிலோ தாய் வேம் (பெருக்குவதற்கான மூல வேம்) இட்டு மக்காச்சோளம் விதையுங்கள். 60-ஆம் நாள் வேரைப் பொடியாக நறுக்கி அதே கலவையோடு கலந்தால் சுமார் 55 கிலோ கிடைக்கும். சாதாரணத் தோட்டத்து மண்ணைப் போட்டால் நூற்புழுவையும் சேர்த்தே வளர்ப்பீர்கள்.

கேள்வி: முட்டைக்கோஸுக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, பீட்ரூட் வேர்களில் இது குடியேறாது. அவற்றுக்குப் பின் மண்ணில் பூஞ்சை மெலிந்திருக்கும். அடுத்து வரும் மக்காச்சோளம் இளம்பருவத்தில் மணிச்சத்துக் குறைவால் இலை ஊதாவானால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இடையில், வேம் குடியேறும் தட்டைப்பயறை விதையுங்கள். அறுவடையில் அந்தப் பயறுச் செடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்து, ரோட்டவேட்டர் ஓட்டாமல் வேரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள்.